சீட்டின் மறுபக்கம்

கிளைபேடா துறைமுகத்தில்
நான்காம் எண் கிரேனிலிருந்து
ஷிஃப்ட் முடிந்ததும் சீட்டுகள் இறங்கி வரும்.
மரம், இருபத்து மூன்று டன். உரம், நாற்பது.
கையெழுத்து: ஸ்கிர்மாந்தே.
எண்ணிச் சரிபார்ப்பது என் வேலை.
திருப்பிப் பார்ப்பது என் வேலையில்லை.

அக்டோபரில் திருப்பினேன்.
பின்பக்கம் முழுக்கக் கோடுகள்.
அடிக்கோல் வைக்காமல்
இடமிருந்து வலமாக, ஒன்றன்கீழ் ஒன்றாக.
முதல் வரிசை குடித்தவன் நடை.
கடைசி வரிசையும் தெளியவில்லை.
பேனா எழுதுகிறதா என்று பார்த்திருப்பாள் என்று
முத்திரை குத்திவிட்டேன்.

நவம்பரிலும் கோடுகள்.
ஒரு புள்ளியில் கிளம்பி
இன்னொரு புள்ளியில் போய் நிற்க முயன்றவை.
சில தாண்டி ஓடின, சில
தவறான நிறுத்தத்தில் முன்னதாகவே இறங்கிக்கொண்டன.
ஓரத்தில் பொடி எழுத்தில்: நாற்பதுக்கு ஆறு. நாற்பதுக்கு ஒன்பது.
தன் தேர்வுத்தாளைத் தானே திருத்துகிறாள் என்று
எனக்கு உறைக்க இரண்டு வாரம் ஆனது.

மேலே அவளுக்கு
ஒரு நாற்காலி, இரண்டு கைப்பிடி, கண்ணாடித் தரை.
அடுத்த கப்பல் வரும்வரை
நன்றாயிருக்கிறது என்று சொல்லவோ
சரியில்லை என்று சொல்லவோ
கடற்காக்கையை விட்டால் ஆளில்லை.

ஜனவரியில் ஒரு சீட்டில்
ஒரே ஒரு கோடு:
உச்சியிலிருந்து கொக்கிவரை இரும்புக் கயிறு,
மூச்சு விடாமல் இழுத்தது.
பாரம் தொங்குவது வரையப்படவில்லை.
கயிற்றிலேயே தெரிந்தது.

அதோடு கோட்டை விட்டுவிட்டாள்.

பிப்ரவரி முழுக்கக் கட்டங்கள்.
வரிசைக்கு ஒன்பது,
காகித வெள்ளையில் தொடங்கி
நிலக்கரிக் கப்பலின் அடிவயிறு வரை.
நடுவிலிருந்த ஐந்தும் இரட்டைப்பிள்ளைகள்போல் இருந்தன.
அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்து இரண்டு.
எனக்குச் சாம்பல் என்றால் சாம்பல்தான்,
இந்த ஊரில் அதற்குப் பெயர் வானம்.
ஆனாலும் படகுத்துறையில் நிற்கும்போது
குடாநீர் ஆறாம் கட்டம்,
அக்கரை மணல்மேடு நான்காம் கட்டம் என்று
வாய்க்குள் எண்ணிவிட்டேன்.
'என்ன முணுமுணுப்பு?' என்றாள் மனைவி யுர்கிதா.
ஓவர்டைம் கணக்கு என்றேன்.

மார்ச்சில் பிளாஸ்கின் மூடி.
பதினாறு சீட்டில் அதே மூடி.
ஒவ்வொன்றையும் சுற்றி வேலி போட்டதுபோல்
கறுப்பாக ஒரு விளிம்பு.
பிறகு மூடுபனி. மூன்று நாள் எந்தக் கிரேனும் அசையவில்லை.
நான்காம் நாள் வந்த சீட்டில்
மூடிக்கு இடப்பக்கமே இல்லை.
அதுவும் பின்னாலிருந்த சுவரும்
ஒரே சாம்பலில் கலந்து கிடந்தன.
இருந்தும் மூடி முழுசாக இருந்தது,
எடுத்துக் காப்பி ஊற்றலாம்போல.
கீழே ஒரு குறிப்பு:
'இங்கே கோடு போட்டிருந்தால் பொய்.'

ஏப்ரல் ஒன்பது.
நனைந்த முற்றம், மேலிருந்து.
நடுவில் ஒரு கறுப்புத் தீற்றல், கையில் அட்டை,
அதன் காலில் கட்டிப்போட்ட நீள நிழல்.
அந்த உயரத்திலிருந்து யாருக்கும் முகம் கிடையாது.
ஆனால் இடத்தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.
ஒளியின் சாயலைத்தான் பழகிக்கொண்டிருந்தாள்,
என் சாயல் எப்படியோ வந்து விழுந்திருக்கிறது.
பக்கத்தில் அவள் திருத்தம்:
'நிழல் ஒரு கட்டம் இருட்டு அதிகம்.'

முன்பக்கம்: மரம், இருபத்து மூன்று புள்ளி நான்கு டன்.
அது கோப்புக்குப் போயாக வேண்டும்.
புதுச் சீட்டில் எண்களை நகலெடுத்தேன்.
அவள் கையெழுத்தையும் நானே போட்டேன்.
முதலெழுத்தின் வளைவில் கை நடுங்கி
நான்கு சீட்டு பாழ்.
ஐந்தாவது பரவாயில்லை,
அலுவலகத்தில் உற்றுப் பார்க்காதவரை.

பாழான நான்கும் மேசை டிராயரில் கிடக்கின்றன,
பின்பக்கம் வெள்ளையாக.